அன்னம்மாள் பதக்கத்தின் கீழே இருந்த எண்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஒரு காரின் உள்ளே எந்த எஞ்சின் இருக்கிறது என்பதை அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எழுத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. இதை எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு மகிழ்ச்சியான நிகழ்ச்சியின் வாயிலாகத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். எழுதும் முறையை நாளிதழ்களைப் படித்தும் தேவாலய நூலகத்துப் புத்தகங்களைப் படித்தும் பழகிக்கொண்டேன். ஆகவே நடையில் குறை இருந்தால் பொறுத்தருள்க. செய்தியில் குறை இராது.

எங்களிடம் இருந்தது நம் மலேசிய நாட்டிலேயே செய்யப்பட்ட பழைய வெள்ளைக் கார். அந்த வகைக் கார் அந்நாளில் இரண்டு எஞ்சின்களோடு விற்பனைக்கு வந்தது. ஒன்று ஆயிரத்து முந்நூறு சிசி, மற்றொன்று ஆயிரத்து ஐந்நூறு சிசி. எங்கள் மக்கள் 'ஒன் த்ரீ' என்றும் 'ஒன் ஃபைவ்' என்றும் சுருக்கிச் சொல்வார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டு கார்களுக்கும் வேறுபாடு கிடையாது. பானெட்டைத் திறந்து பார்த்தாலும் இரட்டைப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கும். எங்களுடையது ஒன் த்ரீ என்று கெரானில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் அது ஒன் ஃபைவ் என்பதே என் கணவரின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் வாழும் தீவையும் அக்கரையையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தின் நடுவில் எங்கள் கார் கொதித்து நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போய் அக்கரையில் உள்ள மாக் மண்டினில் பட்டறை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் நண்பரிடம் ஒப்படைத்தோம். அவர் வண்டியை நெடுநாள் வைத்திருந்தார். திரும்பப் பெறச் சென்றபோது எஞ்சினின் மேல்மூடி மாறியிருந்தது. முன்பு இருந்தது கறுப்பு மூடி. இப்போது சிவப்பு வண்ணம் பூசிய மூடி, அதன்மேல் ஒன் ஃபைவ் என்று புடைத்த எழுத்துகள்.

"என்ன பாய், எஞ்சினையே மாத்திட்டீங்களா?" என்று என் கணவர் வியந்து கேட்டார்.

அந்த நண்பர் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தபடி சிரித்தார். "ஓட்டிப் பாருங்கண்ணே, அப்புறம் பேசுங்க," என்றார்.

ஓட்டிப் பார்த்தோம். கார் பறந்தது. அவ்வளவுதான், நண்பர் தமக்குச் சொல்லாமலே ஜப்பானிலிருந்து வந்த பெரிய எஞ்சினைப் பொருத்திக் கொடுத்துவிட்டார் என்று என் கணவர் முடிவு கட்டிவிட்டார். மறு வாரமே அலங்காரப் பொருள் கடையில் ஒன் ஃபைவ் என்ற வெள்ளி நிற எழுத்தை வாங்கி வந்து காரின் பின்புறம் ஒட்டினார். மறுபடியும் கேட்டால் நண்பரின் அன்பளிப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று சொல்லி, அதன்பின் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நண்பரும் சில ஆண்டுகளில் இறைவனடி சேர்ந்தார்.

அதே ஆண்டு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். பாலத்தின் நடுவில் நின்ற காரை உயிர்ப்பித்துத் தந்ததற்கு நன்றியாக, அன்னம்மாள் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றை எஞ்சினிலேயே பதிப்பதாக என் கணவர் நேர்ந்திருந்தார். எங்கள் சபையில் கண்ணாடியின் அடியில் செபமாலை தொங்கவிடுவோர் உண்டு, முன்பலகையில் சுரூபம் ஒட்டுவோர் உண்டு. எஞ்சினிலேயே பதித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். எஞ்சினின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்கு அருகே, வெற்றிலை அளவுக்கு ஒரு சமமான இடம் இருந்தது. அன்னம்மாள் அமர்வதற்கென்றே செய்தது போலிருந்தது. கண்ணாடி அணியாமலே அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"சொரசொரன்னு இருக்கு. பசை நல்லாப் பிடிக்கும்," என்று மகிழ்ந்தார்.

இரண்டு குழாய்ப் பசைகளைக் கலந்து பூசி, பதக்கத்தை அழுத்தி ஒட்டினார். நான் குடை பிடித்துக்கொண்டு அருகே நின்றேன். அந்தச் சொரசொரப்பு என்ன என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பிறகு அவர் பேசிய பேச்சை நான் எழுதப் புகுந்தால் தாள் போதாது. பாலத்தில் ஒரு வண்டியை முந்திவிட்டால் போதும், எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கில் "ஒன் ஃபைவ் லா!" என்று ஸ்டீரிங்கைத் தட்டுவார். பெரிய ஜெர்மன் கார்களை முந்திய நாள்களில் இரவுச் சாப்பாட்டில் ஒரு கவளம் கூடுதலாகச் செல்லும்.

இப்போது நடந்த செய்திக்கு வருகிறேன். என் தங்கை அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் வசிக்கிறாள். பிள்ளைகள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, ஐம்பது வயதைக் கடந்து, ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், உள்ள ஒரு பாலர் பள்ளி, குழந்தைகளுக்குக் காலையுணவும் மதிய உணவும் சமைத்துக் கொண்டுவரும் பொறுப்பை அவளுக்குக் கொடுக்க முன்வந்தது. சொந்த வண்டி வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பள்ளி திறப்பதற்குள் பதில் சொல்லவேண்டும். தன் கைச் சமையலுக்குத் தன் பெயரில் வரும் முதல் வேலை என்பதால் அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

என் கணவருக்கு முழங்கால் வலி வந்தபின் நாங்கள் காரை அதிகம் எடுப்பதில்லை. ஆகவே அதை அவளுக்கே கொடுத்துவிடுவது என்று நான் சொன்னேன். அவரும் தயங்காமல் சம்மதித்தார். சம்மதித்த மறு நொடியில் அவர் முகம் மாறியது.

"கொடுக்கலாம். ஆனா பேர் மாத்தணும்னா இன்ஸ்பெக்ஷனுக்குப் போகணுமே! அங்க எஞ்சின் நம்பரைப் பாப்பானே!"

காரின் உரிமையை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றும்போது, பரிசோதனை நிலையத்தில் எஞ்சினில் பொறித்த எண்ணையும் கெரானில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எஞ்சின் மாறியிருந்து, அதை முறையாகப் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. ஏன் பதியவில்லை என்று விசாரணையும் வரும். இவர் சொல்லிவந்தபடி உள்ளே இருப்பது பெரிய எஞ்சின் என்றால் தங்கைக்குக் கார் இல்லை, கார் இல்லையென்றால் வேலையும் இல்லை.

எங்கள் வீட்டில் சிறிய எஞ்சினுக்கு மதிப்பு வந்தது அன்றுதான்.

செய்தியைத் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். உடனே என் கணவரைக் கூப்பிடச் சொன்னாள்.

"அத்தான், நீங்க இத்தனை வருஷமா சொன்னது பொய்யா இருக்கணும்னு நான் இப்பவே போய் மெழுகுத்திரி ஏத்தப் போறேன்."

"பொய்யில்லம்மா. அது ஒன் ஃபைவ்தான். எனக்குத் தெரியாதா?"

"அப்படின்னா நீங்களே வந்து என் சாம்பார்ச் சட்டியைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடங்க!"

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனினும் அன்றிரவு, "அது ஒன் த்ரீயா இருந்தா நல்லதுதான்," என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா இருக்காது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் சூலியா தெருவில் ஒரு கடையில் ரொட்டியும் தே தாரிக் என்னும் நுரைத் தேநீரும் சாப்பிடுவது வழக்கம். அங்கே என் கணவர் வாய் திறந்ததுதான் தாமதம், கடையே நீதிமன்றமாகிவிட்டது. கடை முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணே, பெட்ரோல் எவ்வளவு குடிக்குது? அதச் சொல்லுங்க, நான் எஞ்சினைச் சொல்றேன்."

"கொஞ்சமாத்தான் குடிக்குது."

"அப்பச் சின்னதுதான்!"

பக்கத்து மேசையில் இருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்ரோலை வச்சிச் சொல்ல முடியாது. காதுதான் சொல்லும். ஸ்டார்ட் பண்ணுங்க, நான் கேக்குறேன்."

எல்லாரும் எழுந்து தெருவுக்கு வந்தோம். சாலையோரம் நிறுத்தியிருந்த காரை என் கணவர் இயக்கினார். ஓட்டுநர் கண்களை மூடிக்கொண்டு, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, மருத்துவர் நாடி பார்ப்பது போல நின்றார். தெருவில் போன சுற்றுலாப் பயணிகள் இருவர் நின்று படம் எடுத்துக்கொண்டனர்.

"ஒன் ஃபைவ்," என்றார் ஓட்டுநர்.

"பாத்தியா?" என்று என் கணவர் என்னைப் பார்த்துப் பெருமையோடு நிமிர்ந்தார். உடனே தங்கையின் நினைவு வந்து தோள்கள் தாழ்ந்தன. ஒரே நொடியில் ஒரு மனிதர் வென்றும் தோற்றும் நிற்பதை நான் அன்றுதான் கண்டேன்.

"உங்க காதுல மெஷின் வச்சிருக்கீங்களே, அதுக்கு பேட்டரி போட்டீங்களா அண்ணே?" என்று கடை முதலாளி ஓட்டுநரைக் கேட்டார். கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஓட்டுநர் காதிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாமும் சிரித்தார்.

வாதம் முடியப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே பாலத்தைக் கடந்து மாக் மண்டினுக்குச் சென்றோம். தங்கை கெப்பாலா பத்தாஸிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்துகொண்டாள். எங்கள் நண்பரின் பட்டறையை இப்போது நடத்துபவரும் ஒரு தமிழ் முஸ்லிம்தான், நாற்பது வயதிருக்கும். பானெட்டைத் திறந்து விளக்கைப் பிடித்தார்.

"மூடியை நம்பக் கூடாது அண்ணே. ரெண்டு எஞ்சினுக்கும் இந்த மூடி ஒக்காரும். அந்தக் காலத்துல எல்லாரும் அழகுக்கு மாத்துவாங்க. வெளிய ஒட்டின எழுத்து அதவிட மோசம், அது கடையில விக்குது."

என் கணவர் இருமினார்.

"நம்பிக்கையான எடம் ஒண்ணுதான். எஞ்சின் உடம்புலயே அடிச்சிருப்பாங்க. மொதல்ல எஞ்சின் வகை, அது பதிமூணுன்னு முடிஞ்சா சின்னது, பதினஞ்சுன்னு முடிஞ்சா பெருசு. பக்கத்துலயே வரிசை நம்பர். அது எங்க இருக்குன்னா..." அவர் விளக்கைத் தாழ்த்தினார். தாழ்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

விளக்கொளியில் புனித அன்னம்மாள் அமைதியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குக் கீழதான்," என்றார் அவர் மெதுவாக.

என் கணவர் விரலால் தடவிப் பார்த்த சொரசொரப்பு எஞ்சின் எண்ணேதான். பசை நன்றாகப் பிடிப்பதற்குக் காரணமாயிருந்ததும் அதுவே.

தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அத்தான், இவ்வளவு பெரிய வண்டியில உங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"சமமா இருந்துச்சும்மா," என்றார் அவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல.

"வேற வழியில் பார்க்க முடியாதா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"எஞ்சினைப் பிரிச்சி, பிஸ்டன் ஓடுற குழியை அளந்தா சின்னதா பெருசான்னு தெரியும் அக்கா. ஆனா ஆபிஸ்ல குழியைக் கேக்க மாட்டாங்க, நம்பரைத்தான் கேப்பாங்க. இதக் கழட்டித்தான் ஆகணும்." உளியை எடுத்தவர், பதக்கத்தைப் பார்த்தார், உளியைத் திரும்ப வைத்துவிட்டார். "ஆனா நான் கை வைக்க மாட்டேன் லா. நேர்ந்து வச்சது. நீங்களே எடுங்க."

என் கணவரோ, நேர்த்திக்கடனாகப் பதித்ததைத் தம் கையாலேயே பெயர்ப்பது எப்படி என்று பின்வாங்கினார். தங்கைக்கும் துணிவில்லை. வேலை கிடைக்கவேண்டுமே என்று அன்னம்மாளிடம்தான் அவள் மெழுகுத்திரி ஏற்றியிருந்தாள். அந்த அன்னம்மாளையே பெயர்த்தெடுப்பதா? கார் நடுவில் இருக்க நாங்கள் நால்வரும் சுற்றி நின்றோம்.

நான் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து எங்கள் பங்குத்தந்தையை அழைத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகு புரிந்தது.

"அம்மா, புனித அன்னம்மாள் யாருடைய எஞ்சின் நம்பரையும் மறைக்க விரும்ப மாட்டார். மரியாதையாக எடுத்து, சுத்தம் செய்து, வேறு இடத்தில் வையுங்கள். வேண்டுதல் இடத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை ஒட்டுவதற்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளட்டும்."

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்டார்கள். பட்டறைக்காரர் மகிழ்ச்சியோடு சூடான காற்று வீசும் கருவியைக் கொண்டுவந்து பசையை இளக்கிக் கொடுத்தார். நான் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, கைக்குட்டையால் பதக்கத்தைப் பிடித்து மெல்ல அசைத்தேன். பாக்கு உடைவது போல ஓர் ஓசையோடு அது என் கையில் வந்தது. மீதிப் பசையைப் பட்டறைக்காரர் சுரண்டி எடுத்தார். ஆயினும் எண் தெரியவில்லை. துருவும் அழுக்கும் ஒரே நிறமாகப் படிந்திருந்தன.

"சாக்கட்டி இருக்கா?" என்று அவர் தம் மேசையில் தேடினார். இல்லை.

தங்கை தன் பையைத் திறந்து முகத்துக்குப் பூசும் பவுடர் டப்பாவை நீட்டினாள். பட்டறைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து அந்த இடத்தில் தேய்த்து, மேலாக ஊதிவிட்டார். பள்ளங்களில் பவுடர் தங்கியது. கறுத்த இரும்பில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மல்லிகை மணம் வீசும் எஞ்சினை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"நான் படிக்கிறேன்," என்றார் என் கணவர். இம்முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தங்கை கெரானை விரித்துப் பிடித்தாள். நான் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்தார். முதல் எழுத்துகளைப் படித்தார். பிறகு நிறுத்தினார்.

"என்ன அத்தான்? சொல்லுங்க!"

"ஒண்ணு," என்றார். மூச்சு விட்டார். "மூணு."

பதின்மூன்று! அதைத் தொடர்ந்து வரிசை எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அவர் சொல்லச் சொல்ல, தங்கை கெரானில் விரல் வைத்து, "ஆமா... ஆமா... ஆமா..." என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி 'ஆமா' பட்டறைக்கு வெளியே சாலை வரை கேட்டிருக்கும். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பவுடர் டப்பா தரையில் கொட்டியது. பக்கத்துப் பட்டறைச் சீனர் எட்டிப் பார்த்து, விவரம் தெரியாமலே கை தட்டினார்.

எஞ்சின் மாற்றப்படவே இல்லை. எங்கள் நண்பர் பழைய எஞ்சினையே பிரித்து, உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு, விரிசல் விட்ட மூடிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த மூடியைப் போட்டிருக்கிறார். இப்போதைய பட்டறைக்காரர் எஞ்சினை ஓட விட்டு, சற்று நேரம் கவனித்துக் கேட்டுவிட்டு, "பாய் செஞ்ச வேலை லா. இப்ப யாரு இப்படிச் செய்றா?" என்றார்.

எல்லாரும் மகிழ்ந்திருக்க, என் கணவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். மைத்துனிக்கு நல்லது நடந்ததில் அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் தாம் பெரிய எஞ்சினை ஓட்டியவர் அல்லர் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கண்ட தங்கை அவர் அருகே சென்றாள்.

"அத்தான், பாலத்துல அந்த ஜெர்மன் காரையெல்லாம் முந்துனீங்களே, அது உண்மைதானே?"

"உண்மைதான். உங்க அக்கா பக்கத்துல இருந்தா. கேளு."

நான் தலையசைத்தேன். கண்களை மூடிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தானே!

"ஒன் த்ரீல முந்துனீங்களா?" என்று தங்கை கேட்டாள். "பெரிய எஞ்சின் இருந்தா எவன் வேணும்னாலும் முந்துவான் அத்தான். அப்ப அது எஞ்சின் இல்ல, நீங்க!"

அவர் துடைப்பதை நிறுத்தினார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. சிறிது நேரத்தில் முகம் மலர்ந்தது. அன்று வீடு திரும்பும் வழியெங்கும், சின்ன எஞ்சினை எந்த வேகத்தில் எந்தக் கியரில் வைக்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டே வந்தார். சூலியா தெருவில் இப்போது அவர் சொல்லும் கதையே வேறு. "ஒன் த்ரீ லா! ஒன் த்ரீயில!" என்று மேசையைத் தட்டுகிறார். காதால் எஞ்சினைக் கண்டறிந்த ஓட்டுநர் மட்டும், அந்த மூடிதான் சத்தத்தை மாற்றிவிட்டது என்று குறை கூறிக்கொண்டிருக்கிறார்.

பரிசோதனையில் கார் தடையின்றித் தேறியது. பெயர் மாறியது. சுத்தம் செய்த பதக்கம் முன்பலகையில் இடம் பெற்றது. பள்ளி திறந்த நாளில் தங்கை இட்டிலிப் பாத்திரத்தையும் சாம்பாரையும் பின் இருக்கையில் வைத்து, பெல்ட்டால் குழந்தையைக் கட்டுவது போலக் கட்டிக்கொண்டு, தானே ஓட்டிச் சென்றாள்.

சென்ற ஞாயிறு அவள் எங்களைப் பார்க்கப் பாலம் கடந்து தனியாக வந்தாள். மாலையில் எங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் புறப்பட்டாள். என் கணவர் முதன்முறையாக அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். பாலத்தின் மேட்டில் ஒரு லாரி முன்னே ஊர்ந்துகொண்டிருந்தது. தங்கை கண்ணாடியைப் பார்த்தாள், கியரை மாற்றினாள், வலப்புறம் ஒதுங்கி அதை முந்தினாள். கடல் இருபுறமும் பளபளத்தது. என் கணவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"மெதுவாம்மா, மெதுவா! இது சின்ன எஞ்சின்!"

தங்கை சிரித்த சிரிப்பில் காரே குலுங்கியது. பின்னிருக்கையில் நானும் அடக்கமுடியாமல் சிரித்தேன்.

ஐயா, அம்மையீர், பிற்காலத்தில் அந்தக் கார் வேறொருவர் கைக்குப் போனால், சிவப்பு மூடியைப் பார்த்து அவருக்கும் ஐயம் எழக்கூடும். எஞ்சின் பழைய எஞ்சினே என்பதற்கு இது சான்றாக இருக்கட்டும். இவ்வரலாற்றைத் தாங்கள் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.